குடும்ப ஆல்-வீல் டிரைவ் காரில் ஊட்னடாட்டா தடத்தைக் கடக்க முடியுமா?

"எங்களிடம் இருப்பது ஐந்து பேர் அமரும் ஆல்-வீல் டிரைவ் கார். பெரிய ஃபோர்-வீல் டிரைவ் வண்டி வாங்கும் வசதி இல்லை. குழந்தைகளோடு ஆஸ்திரேலியாவின் உட்பகுதி மண்சாலைகளில் பயணம் செய்ய இந்தக் கார் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். நானும் என் மனைவியும், பன்னிரண்டு வயது மகளையும் எட்டு வயது மகனையும் அழைத்துக்கொண்டு, ஒரு ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் இப்படிப்பட்ட ஒரு காரில்தான் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா தடத்தை மரீயிலிருந்து மார்லா வரை முழுவதுமாகக் கடந்தோம். ஏறக்குறைய 620 கிலோமீட்டர் மண்ணும் சரளைக்கல்லுமான சாலை அது. அந்த அனுபவத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: அங்கே உங்களைத் தடுத்து நிறுத்துவது காரின் எந்திரம் அன்று, டயரும் மழையும்தான்.

முதலில் காரின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். சுபாரு அவுட்பேக், ஃபாரஸ்டர் போன்ற கார்களுக்குத் தரையிலிருந்து 213 முதல் 220 மில்லிமீட்டர் வரை இடைவெளி உண்டு. பராமரிப்பில் உள்ள சரளைச் சாலைக்கு அது தாராளம். ஆனால் இவற்றில் மெதுவாக, மிகுந்த இழுவிசையோடு ஊர்ந்து செல்ல உதவும் தாழ்நிலை கியர் கிடையாது. ஆழமான மணலில் தொடர்ந்து திணறினால் கியர்ப்பெட்டி சூடேறி, கார் தானாகவே விசையைக் குறைத்துவிடும். ஆகவே 1,100க்கும் மேற்பட்ட மணல்மேடுகளைக் கொண்ட சிம்சன் பாலைவனத்தை இந்தக் காரில் நினைத்தும் பார்க்க வேண்டாம். ஊட்னடாட்டா தடம் அப்படிப்பட்டதன்று. அது அடிலெய்டையும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸையும் இணைத்த பழைய கான் ரயில்பாதையை ஒட்டிச் செல்வது. ரயிலுக்கு ஏற்ற சமதளத்தையும், நீராவி எந்திரத்துக்கு வேண்டிய நீரூற்றுகளையும் தேடி அமைத்த வழி என்பதால் செங்குத்தான ஏற்றமோ பெருமணலோ இல்லை. 1891இல் ஊட்னடாட்டாவை எட்டிய அந்தப் பாதை 1980இல் கைவிடப்பட்டது. பாழடைந்த நிலையக் கட்டடங்களும், நீல்ஸ் ஆற்றின் மீது 578 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் அல்ஜிபக்கினா இரும்புப் பாலமும் வழித்துணையாக வருகின்றன.

இனி டயர். கார் வாங்கும்போது வரும் டயர்கள் தார்ச்சாலைக்கானவை. அவற்றின் பக்கச்சுவர் மெல்லியது. கூரான கல் அடிப்பகுதியில் குத்தினால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம். பக்கச்சுவரைக் கிழித்தால் அந்த டயர் அத்தோடு முடிந்தது. நாங்கள் புறப்படும் முன் நான்கு டயர்களையும் மண்சாலைக்கு ஏற்ற, பக்கச்சுவர் தடித்த வகையாக மாற்றினோம். செலவு கையைக் கடித்தது உண்மைதான். ஆனால் ஸ்டெப்னியை மட்டும் பழைய தார்ச்சாலை டயராகவே விட்டுவைத்தேன், அது தவறு. உங்கள் டிக்கியின் அடியில் இருப்பது முழு அளவு ஸ்டெப்னியா, அல்லது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாத ஒல்லியான தற்காலிகச் சக்கரமா என்று இன்றே திறந்து பாருங்கள். ஒல்லிச் சக்கரமாக இருந்தால் முழு அளவு டயர் ஒன்றைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள்.

வழியில் உள்ள வில்லியம் கிரீக் என்ற சிற்றூரைத் தாண்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓட்டியிருப்போம். பின்பக்கத்திலிருந்து பறை அடிப்பதுபோல ஓர் ஓசை எழுந்தது. இடது பின் டயரின் பக்கச்சுவரில் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிசல். தடித்த டயரும் கிழியும் என்பதை அங்கேதான் கற்றேன். ஸ்டெப்னி டிக்கித் தரைக்கு அடியில் இருந்ததால், கூடாரம், தண்ணீர்க் கேன்கள், அரிசிப் பை, குக்கர், போர்வைகள் என அத்தனையையும் செம்மண்ணில் இறக்கிவைத்த பிறகே அதைத் தொட முடிந்தது. ஜாக்கியைப் பொருத்தித் திருகினேன். கார் மேலே எழுவதற்குப் பதிலாக ஜாக்கி மண்ணுக்குள் இறங்கியது. காய்கறி நறுக்க என் மனைவி கொண்டுவந்திருந்த கனத்த மரப்பலகையை அடியில் கொடுத்த பிறகுதான் சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. வேலை முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் மூன்றே வண்டிகள் எங்களைக் கடந்தன. மூன்றும் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டே சென்றன. கடைசியாக வந்த பண்ணைத் தொழிலாளி, நான் முடுக்கியிருந்த சக்கர நட்டுகளைத் தாமும் ஒருமுறை சோதித்து, ஐம்பது கிலோமீட்டர் போனதும் மறுபடி முடுக்கச் சொன்னார். அந்த ஊர்க்காரர்களின் இந்தப் பண்பை நான் என்றும் நன்றியோடு நினைக்கிறேன். நீங்களும் சாலையோரம் நிற்கும் எந்த வண்டியையும் கேட்காமல் கடந்து போகாதீர்கள்.

டயரைக் காப்பதில் பாதி வேலை காற்றழுத்தத்திலும் வேகத்திலும் இருக்கிறது. தார்ச்சாலை முடியும் இடத்தில் 33 அல்லது 35 பிஎஸ்ஐ இருக்கும் காற்றை 27, 28க்கு இறக்கினோம். டயர் சற்று மெத்தென்று ஆகி, கல்லைக் குத்தவிடாமல் வளைந்து கொடுக்கும். ஆனால் காற்று குறைந்த டயர் வேகமாக ஓட்டினால் சூடேறும். எனவே மணிக்கு 70, மிஞ்சினால் 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை நெடுக அலையலையாக வரும் மடிப்புகள் காரை உலுக்கி எடுக்கும். வேகமாகப் போனால் அலைகளின் மேல் மிதந்து போகலாம் என்று பலர் சொல்வார்கள். அப்போது டயர் தரையைத் தொடும் நேரம் குறைந்து, பிரேக்கும் ஸ்டியரிங்கும் சொன்னபடி கேட்காது என்பதைச் சொல்வதில்லை. குழந்தைகள் பின்னால் இருக்கும்போது நான் அதற்கு உடன்பட மாட்டேன். எதிரே ரோட் டிரெயின் எனப்படும் தொடர்லாரி வந்தால், இடதுபுறம் ஒதுங்கி முழுவதுமாக நிறுத்துங்கள். அதன் நீளம் 53 மீட்டர் வரை இருக்கும். அது கடந்த பின்னும் புழுதி அடங்கச் சற்று நேரம் ஆகும், அந்தப் புழுதிக்குள் எதிரே இன்னொரு வண்டி வரலாம்.

மழையைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அங்குள்ள மண் நனைந்தால் களிம்பாகி, டயரின் இடுக்குகளை அடைத்து, சக்கர வளைவுக்குள் ஒட்டிக்கொண்டே போகும். அப்போது நான்கு சக்கரம் சுழன்றாலும் பயன் இல்லை. சிறு மழைக்கே சாலையை மூடிவிடுவார்கள். மாநில அரசு வெளியிடும் உட்பகுதிச் சாலை நிலவரத்தைத் தினமும் காலையில் பாருங்கள். கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் தங்கினால் அங்கேயே கேளுங்கள். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம் உண்டு, காப்பீடும் கைவிடக்கூடும். ஆகவே திட்டத்தில் இரண்டு நாட்களை வெறுமனே ஒதுக்கிவையுங்கள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியோடு போகிறவர்தான் ஈர மண்ணில் வண்டியை இறக்குகிறார். பாதியில் வெளியேற வேண்டுமானால் வில்லியம் கிரீக்கிலிருந்து தார்ச்சாலையில் உள்ள கூபர் பீடி ஊருக்கு 166 கிலோமீட்டரில் ஒரு வழி பிரிகிறது. அதுவும் மண்சாலைதான், அதன் நிலவரத்தையும் பார்த்தே திரும்ப வேண்டும்.

பெட்ரோல் கவலை பெரிதில்லை. மரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா ஆகிய நான்கு இடங்களிலும் கிடைக்கும். இடைவெளி ஒவ்வொன்றும் 200 கிலோமீட்டரை ஒட்டியே வரும். உங்கள் எந்திரம் 95 அல்லது 98 ஆக்டேன் உள்ள உயர்தரப் பெட்ரோல் கேட்பதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். குடிநீரை ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் என்று கணக்கிட்டுக் கொண்டுபோனோம். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர அழைப்புக் கருவி ஒன்றையும், சேனல் 40இல் லாரிக்காரர்களோடு பேச ஒரு யுஎச்எஃப் ரேடியோவையும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுவிட்டால் எக்காரணம் கொண்டும் அதைவிட்டு நடந்து போகாதீர்கள். நடப்பவரைவிட வண்டியை ஆகாயத்திலிருந்து கண்டுபிடிப்பது எளிது. 1960 ஜனவரி 2ஆம் தேதி 50.7 டிகிரி செல்சியஸ் பதிவான ஊர் ஊட்னடாட்டா. கோடையில் குழந்தைகளோடு அந்தப் பக்கம் போகவே கூடாது. மே முதல் செப்டம்பர் வரை போகலாம். இரவில் குளிர் கடுமை.

வாடகைக் கார் எடுக்க எண்ணினால், தார் போடாத சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் பாருங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை.

குழந்தைகளுக்குச் சலிக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அரபானா என்ற பழங்குடி மக்களின் நிலத்தில், வப்மா கடர்பு பூங்காவில் பப்ளர் என்ற ஊற்று இருக்கிறது. பூமிக்கடியில் நெடுந்தூரம் பயணித்த நீர், வறண்ட வெளியின் நடுவே ஒரு சிறு குளமாகப் பொங்குகிறது. அடியில் உள்ள மணல், உலையில் அரிசி கொதிப்பதுபோல வட்டமிட்டுப் புரள்கிறது. என் மகன் அங்கிருந்து நகர மறுத்துவிட்டான். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாமல் இருந்தால் இப்படி நிற்க நேரம் கிடைக்கும்.

மார்லாவில் மறுபடி தார்ச்சாலை வந்தது. ஓரமாக நிறுத்தி, நான்கு டயருக்கும் பழைய அளவுக்குக் காற்று அடித்தோம். மகள் அளவுமானியைப் பிடித்து எண்களை வாசித்தாள், நான் சக்கர நட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்கினேன். அங்கிருந்து கூபர் பீடி 235 கிலோமீட்டர். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தோம்.