எந்தக் கிறீம் என்று கேட்பதற்கு முன்

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறோம். எட்டு வயது மகன் விடுமுறை என்றால் பகல் முழுக்கக் கடற்கரையில் கிரிக்கெட்தான். போன கிழமை பாசிக்குடாவுக்குப் போய் வந்ததிலிருந்து மூக்கிலும் தோளிலும் தோல் உரிகிறது. நன்றாகக் கறுத்தும் போனான். அம்மம்மா தேசிக்காய்ப் புளி பூசச் சொல்கிறார். மருந்துக்கடையில் எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிறீன் இருக்கிறதாம். வாங்கலாமா? ஐந்து மாதக் கைக்குழந்தைக்கும் பூசலாமா?

பதில்: முதலில் தேசிக்காயை ஒதுக்கி வையுங்கள், அம்மம்மா கோபித்தாலும் பரவாயில்லை. அந்தப் புளி தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் ஓரிரு நாளில் சிவந்து எரியும், சிலவேளை கொப்பளிக்கும். அப்புறம் அந்த இடம் கறுத்து மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். கறுப்பைப் போக்கப் பூசியது கறுப்பில்தான் முடியும்.

மகன் கறுத்தது நோய் அல்ல. வெயிலைத் தாங்கத் தோல் நிறமியைக் கூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் தோல் உரிவது வேறு. அது வெந்ததன் அடையாளம். நம் நிறத்துக்கு வெயில் சுடாது என்று பலர் நினைக்கிறார்கள். குறைவாகச் சுடும், சுடாமல் விடாது.

பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் நெடுந்தூரம் நடக்கலாம் என்பதால் பிள்ளைகள் மணிக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. தண்ணீரும் காற்றும் குளிர்ச்சியாக இருக்க, வெயில் படுவதே தெரியாது. தோலைச் சுடுவது சூடு அல்ல, வெயிலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கழியூதா (யூ.வி.) கதிர். சூடான கச்சான் காற்று வீசும் நாளில் நாமே நிழலைத் தேடி ஓடுகிறோம். மெல்லிய மேகமும் கடற்காற்றும் உள்ள நாளில்தான் ஏமாறுகிறோம். அந்தக் கதிர் மேகத்தைக் கடந்து வரும், மணலிலும் அலை நுரையிலும் பட்டுத் திரும்பியும் வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இந்தக் கதிரின் வலிமையைக் காட்டும் சுட்டெண் 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும். நம் பக்கம் தெளிந்த வானத்தில் நண்பகலில் அது 11ஐயும் தாண்டும். ஏப்ரல் இரண்டாம் கிழமையளவில் சூரியன் மட்டக்களப்புக்கு நேர் உச்சியில் நிற்கும். அதுவும் சித்திரை விடுமுறையில்!

மகனுக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுங்கள்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் ஆட்டத்தை நிறுத்து. இங்கே அது ஏறக்குறைய காலை 9 மணியிலிருந்து பின்னேரம் 3 மணி வரை. கிரிக்கெட்டை அதற்கு முன்னோ பின்னோ வைத்துக்கொள்ளலாம். எந்தக் கிறீமும் இந்த நேரக் கட்டுப்பாட்டுக்கு ஈடாகாது.

அடுத்தது உடுப்பு. கொலர் வைத்த முழுக்கைச் சேர்ட், கடும் நிறமாக, நெசவு நெருக்கமாக இருந்தால் நல்லது. நனைந்த வெள்ளை பெனியனுக்குள்ளால் கதிர் எளிதாகப் போகும். கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் மறைக்காது, சுற்றிவர விளிம்புள்ள தொப்பி வாங்குங்கள்.

சரி, கிறீம். முகம், காது, பிடரி, புறங்கால் என்று உடுப்பு மூடாத இடத்துக்கு அது வேண்டும். எஸ்.பி.எஃப். என்பது வெயில் சுடாமல் கிறீம் எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண். அது 50தான் வேண்டும் என்றில்லை. 30 என்பது தோலைச் சுடும் கதிரில் 97 வீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98 வீதத்தை. பெரிய வித்தியாசம் பூசும் அளவில்தான் இருக்கிறது. விலையைப் பார்த்துத் துளியாகத் தடவினால் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. தாராளமாக, வெளியே போக 20 நிமிடத்துக்கு முன் பூசுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் குளித்துத் துவட்டிய உடனும் மறுபடி பூச வேண்டும். யூ.வி.ஏ., யூ.வி.பி. என்ற இரண்டு வகைக் கழியூதாக் கதிரையும் தடுப்பதாகவும் வாசனை இல்லாததாகவும் பார்த்து வாங்குங்கள். வெள்ளையாக்கும் என்று விற்பதைத் தொடவே வேண்டாம், அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருந்திருக்கிறது.

கைக்குழந்தைக்கு இப்போது வேண்டாம். ஆறு மாதம் ஆகும்வரை நிழலும் தளர்வான பருத்தி உடுப்பும்தான். தடித்த துணியால் மூடிவிடாதீர்கள், உள்ளே சூடேறும்.

மகனின் உரியும் தோலைப் பிய்க்க விடாதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் கழுவி, வாசனையற்ற ஈரப்பதக் கிறீம் பூசி, ஆறும்வரை அந்த இடத்தை மூடி வையுங்கள். பற்பசையும் ஐஸ்கட்டியும் கூடாது. பெரிய கொப்புளங்கள், காய்ச்சல், வாந்தி என்று ஏதாவது வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.