பெண் புழு மிகுந்ததால்தான் கூடு விலை குறைந்ததா?

கேள்வி: பாலக்கோடு அருகே ஒன்றரை ஏக்கரில் மல்பெரி பயிரிட்டு வெண்பட்டுக்கூடு எடுத்து வருகிறேன். சென்ற முறை எடை நன்றாக இருந்தும் தர்மபுரி அங்காடியில் விலை குறைந்தது. கூட்டை அறுத்துப் பார்த்த நூற்பாளர் ஒருவர், பெண் புழு அதிகம் என்றார். இலையையோ அறை வெப்பத்தையோ மாற்றி ஆண் புழுவைப் பெருக்க முடியுமா?

பதில்: முடியாது. பட்டுப்புழுவின் 28 இணைக் குரோமோசோம்களில் ஓர் இணையே பாலைத் தீர்மானிக்கிறது. ஆணுக்கு அந்த இணையில் இருப்பவை இசட் எனப்படும் குரோமோசோம்கள் இரண்டு. பெண்ணுக்கு ஓர் இசட், டபிள்யூ எனப்படும் இன்னொன்று. ஆகவே, மனிதரில் தந்தையைப் பொறுத்திருக்கும் இந்த முடிவு, பட்டுப்பூச்சியில் கோழியைப் போலவே தாயின் முட்டையைப் பொறுத்தது. டபிள்யூவிலிருந்து உருவாகும் ஒரு சிறு ஆர்.என்.ஏ., இசட்டில் உள்ள ஆணாக்கும் மரபணுவை அடக்கிவிடுவதால்தான் புழு பெண்ணாகிறது என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். முட்டை கருவுறும் வேளையிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. இளம்புழு உங்கள் மனைக்கு வந்து சேர்ந்தபின் நீங்கள் போடும் இலைக்கு அதில் பங்கில்லை. வெப்பத்தைப் பற்றிக் கேட்டதால் ஒன்றைச் சொல்லலாம்: ரஷ்ய அறிஞர் அஸ்தாவுரோவ், கருவுறாத முட்டைகளை 46 டிகிரி வெந்நீரில் 18 நிமிடம் வைத்துப் பொரிக்கச் செய்தார், பிறந்தவை அத்தனையும் பெண்கள்!

நூற்பாளர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. பெண் கூட்டுப்புழு முட்டையைச் சுமப்பதால் கனமாக இருக்கும். ஆனால் மேலே சுற்றியுள்ள பட்டு ஓட்டின் எடையில் பெரிய வேறுபாடு இராது. நூல் கிடைப்பது ஓட்டிலிருந்துதான் என்பதால், கூட்டின் மொத்த எடையில் ஓட்டின் பங்கை, அதாவது ஓட்டு விகிதத்தைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பெண் கூடு 2 கிராம், அதன் ஓடு 0.42 கிராம் என்றால் ஓட்டு விகிதம் 21 சதவீதம். ஆண் கூடு 1.7 கிராம், ஓடு 0.41 கிராம் என்றால் 24 சதவீதம். இரண்டும் சரிபாதியாகக் கலந்தால் 22.4 சதவீதம் வரும். பெண் 60 சதவீதமாக இருந்தாலும் அது 22.1க்குத்தான் இறங்கும். இந்தச் சிறு வேறுபாட்டுக்காக விலை அவ்வளவு சரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஐயம் தீர, அடுத்த முறை குவியலின் பல இடங்களிலிருந்து 40 கூடுகளை எடுத்து அறுத்துப் பாருங்கள். கூட்டுப்புழுவின் அடிவயிற்றில், எட்டாம் கண்டத்தில் பெருக்கல் குறி போன்ற கோடு இருந்தால் பெண். ஒன்பதாம் கண்டத்தில் ஒரு புள்ளி மட்டும் இருந்தால் ஆண். பெண்களின் எண்ணிக்கை 14 முதல் 26 வரை எதுவாக இருந்தாலும் அது இயல்பே; நாணயத்தை 40 முறை சுண்டினாலும் அப்படித்தான் விழும்.

ஆண் புழு மட்டுமே பொரிக்கும் இனங்கள் உலகில் இல்லாமல் இல்லை. சோவியத் ஒன்றியத்தில் ஸ்துருன்னிகோவ், இசட் குரோமோசோமில் உயிர்கொல்லி மரபணுக்களை ஏற்றி, பெண் கருக்கள் முட்டைக்குள்ளேயே மடியும்படி செய்தார். ஆனால் அதில் பாதி முட்டை வீணாகும். அது பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் வித்தகங்கள் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு. ஆண் அதிகமாகட்டும் என்று வீட்டிலேயே பூச்சி பிடித்து முட்டை வைக்கவும் முயலாதீர்கள். கலப்பினத்தின் வீரியம் அடுத்த தலைமுறையிலேயே சிதறிவிடும்.

ஓட்டு விகிதம் குறைந்திருந்தால் நான் முதலில் ஐந்தாம் பருவத்தை, அதாவது கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசி வளர்ச்சிக் கட்டத்தையே பார்ப்பேன். புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அப்போதுதான் தின்கிறது. அந்த நாட்களில் வாடிய இலையோ பற்றாக்குறையோ ஏற்பட்டால் பட்டுச் சுரப்பி நிறையாது. அடுத்து, கூடு கட்டும் போது அறையில் காற்றோட்டம் குறைந்து ஈரம் தேங்கியதா என்பதையும், புழு கூடு கட்டத் தட்டில் ஏறிய ஏழாம் நாளுக்கு முன்பே கூட்டை அறுவடை செய்தீர்களா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.