தேம்பாவணி முதல் பாடல்: ஏழு சீரா, ஆறு சீரா?

வீரமாமுனிவர் பாடிய தேம்பாவணிக் காப்பியத்தின் முதல் பாடலில் அடிக்கு ஏழு சீர் (அடியை ஓசைப்படி பிரித்த துண்டு) வருகிறது என்கிறீர்கள். ஆறுதான், அடிக்கு ஆறு சீர் வரும் அறுசீர் ஆசிரிய விருத்தம். ‘சீரிய உலகம் மூன்றும்’ அடியில் உங்களுக்கு ஏழு வருவது, பதம் பிரித்த பதிப்பை வைத்து அலகிட்டதால் (சீர் பிரித்து எண்ணியதால்) இருக்கலாம். ‘செய்து அளித்து அழிப்ப’ என்றால் மூன்று சீர். புணர்ந்து ‘செய்தளித் தழிப்ப’ என்றால் இரண்டே.

அடியைப் புணர்ச்சியோடு எழுதி வாய்விட்டுப் படியுங்கள். விளம், மா, தேமா என்ற சீர் வகைகள் இதே வரிசையில் இருமுறை வரும்: சீரிய, உலகம், மூன்றும் / செய்தளித், தழிப்ப, வல்லாய்.

அப்புறம், ‘ரைமே இல்லை’ என்கிறீர்கள். அடிக் கடைசியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அடி முதலில் பாருங்கள்: சீரிய, நேரிய, வேரிய, ஆரிய. இதுதான் எதுகை. முதல் சீருக்கும் நான்காம் சீருக்கும் மோனை: சீரிய–செய்தளித், நேரிய–நீத்தவோர். வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்தவர் என்பதே மறந்துபோகும்!

இதே அளவுகோலை ஆங்கிலத்திலிருந்து வந்த கிறிஸ்தவ ஞானப்பாட்டுகளில் வைக்காதீர்கள். அவை மெட்டுக்காக, 8.6.8.6 என்பதுபோல அடிக்கு இத்தனை ஒலியசை (syllable) என்று எண்ணிக் கட்டியவை.