இரண்டாயிரம் கிலோ கரவானை டபுள் கெப்பில் இழுப்பது குறித்து

வணக்கம். அவிசாவளை வீதியில் பஸ் ஒன்று முந்திச் செல்லும்போது உங்கள் கரவான் (வாகனத்தின் பின்னால் பூட்டி இழுக்கும் வீட்டு வண்டி) வால் ஆட்டுவதாகவும், அதாவது பக்கவாட்டில் ஆடுவதாகவும், நுவரெலியா செல்லும் முன் ஆட்டத்தடுப்புக் கம்பி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதை இப்போது வாங்காதீர்கள். ஜெனரேட்டரையும் நூறு லீற்றர் தண்ணீர்த் தாங்கியையும் பின்பக்கம் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அதுவே: பின்னால் பாரம் கூடினால் முன்னால் இழுவைக் கொக்கியில் இறங்கும் பாரம் குறைந்து கரவான் ஆடும்.

கரவானின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது உங்களுடையதில் 200 முதல் 300 கிலோ, இழுவைக் கொக்கியின் மீது இறங்க வேண்டும். கெப் வாகனத்தை மட்டும் எடைப்பாலத்தில் நிறுத்துங்கள். பிறகு கரவானைப் பூட்டி, அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்கும்படி மீண்டும் நிறுத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கொக்கியின் பாரம். அது கொக்கிக்கும் வாகனத்துக்கும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டவும் கூடாது. பாரமான பொருட்களைக் கரவானின் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள்.

ஓடும்போது ஆடத் தொடங்கினால் கால் தானாகவே பிரேக்கைத் தேடும், தயவுசெய்து அழுத்தாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கரவானின் பிரேக்கைத் தனியாக இயக்க வசதியிருந்தால் அதை மட்டும் மெதுவாகப் பிடியுங்கள்.

திரும்பி வரும்போது கினிகத்தேனை இறக்கத்தில், இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். தொடர்ந்து பிரேக்கில் கால் வைத்தே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். உங்கள் கரவானில் தனி பிரேக் இல்லையென்றால், அதைப் பொருத்தும்வரை இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.