தொலையுணர்வுப் போட்டிக்குத் தயாராகும் பள்ளி மாணவர் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பள்ளி அறிவியல் போட்டியில் தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பூமியை ஆராய்வது) பிரிவில் சேர்ந்திருப்பதாகவும், செயற்கைக்கோள்களின் பெயர், ஏவிய ஆண்டு, சென்சார் விவரம் என்று நாற்பது பக்கம் குறிப்பு எழுதியிருப்பதாகவும், ஆனால் ஒரு படத்தைக் காட்டிக் கேட்டால் எதுவும் சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் குறிப்பேட்டை ஒரு வாரத்துக்கு மூடி வையுங்கள். மாணவனாக இருந்தபோது நானும் அந்த வழியில்தான் போனேன். பூமியைப் படமெடுக்கும் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோளான லேண்ட்சாட் 1 ஏவப்பட்டது 1972 ஜூலையில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு படத்தில் இருந்த கரும் திட்டுகளை ஏரிகள் என்று எழுதி வைத்தேன். பதினாறு நாள் கழித்து எடுத்த படத்தில் அந்த ஏரிகளைக் காணவில்லை. அவை மேகங்களின் நிழல்கள். லேண்ட்சாட் ஓர் இடத்தின் மேல் உள்ளூர் நேரப்படி காலை பத்து மணியை ஒட்டிக் கடந்து போகிறது. அப்போது சூரியன் கிழக்குப் பக்கம் இருக்கும். நிழல் மேற்கே சாயும். ஒவ்வொரு திட்டுக்கும் கிழக்கே அதே உருவத்தில் ஒரு வெள்ளை மேகம் இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

ஆகவே முதலில் மூன்றே மூன்று கோடுகளைக் கையால் வரையப் பழகுங்கள்: பச்சை இலை, நீர், வெறும் மண். கிடைக்கோட்டில் அலைநீளம், நிலைக்கோட்டில் எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்பது. இலையின் பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் ஒளிச்சேர்க்கைக்காக உறிஞ்சிக்கொள்ளும். 0.7 மைக்ரோமீட்டரைத் தாண்டியதும் கோடு செங்குத்தாக ஏறும். இலைக்குள் இருக்கும் செல் அமைப்பு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைச் சிதறடித்து வெளியே அனுப்பிவிடுவதுதான் காரணம். நீர் அதற்கு நேர்மாறு, அகச்சிவப்பை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். மண்ணின் கோடு அலைநீளத்தோடு மெல்ல ஏறும். நனைந்தால் கீழே இறங்கும்.

இப்போது ஒரு பிக்சலை, அதாவது படத்தின் ஒரு புள்ளியை, எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் 0.05, அண்மை அகச்சிவப்பில் 0.45 பிரதிபலிப்பு. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.40 / 0.50, அதாவது 0.8. இதுதான் என்டிவிஐ என்கிற தாவரக் குறியீடு. செழிப்பான இலைப்பரப்பு அது. அடுத்த பிக்சலில் 0.20, 0.25 என்றால் விடை 0.11, வெறும் மண்ணாக இருக்கலாம். மூன்றாவதில் 0.04, 0.02 என்றால் எதிர்க்குறியில் 0.33, நீர் என்று எழுதலாம். சூத்திரத்தை எல்லா மாணவர்களும் எழுதுவார்கள். எண் ஏன் அப்படி வந்தது என்பதை இலையிலிருந்து விளக்கினால்தான் உங்களுக்கு அது உண்மையில் புரிந்திருக்கிறது என்று பொருள். போலி நிறப் படத்தில் வயல்கள் ஏன் சிவப்பாகத் தெரிகின்றன என்பதும் இதிலேயே அடங்கிவிடும். அங்கே அகச்சிவப்புப் பட்டைக்கு (பட்டை என்பது சென்சார் தனியாக அளக்கும் ஓர் அலைநீளப் பகுதி) சிவப்பு நிறம் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

கணக்குக் கேள்விகளுக்கு வீன் விதியை விடாதீர்கள். 2898-ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், அந்தப் பொருள் எந்த அலைநீளத்தில் மிகுதியாக ஒளிர்கிறது என்பது மைக்ரோமீட்டரில் கிடைக்கும். சூரியனுக்கு 5800 கெல்வின் என்று வைத்தால் 0.5. பூமிக்கு 288 என்றால் சுமார் 10. ஆயிரம் கெல்வினில் எரியும் காட்டுத் தீக்கு 2.9. நிலத்தின் வெப்பத்தை அளக்கும் சென்சார்கள் 10 மைக்ரோமீட்டரை ஒட்டியும், தீயைத் தேடும் பட்டைகள் 4 மைக்ரோமீட்டரை ஒட்டியும் இருப்பது ஏன் என்று இந்த ஒரு வகுத்தலே சொல்லிவிடுகிறது. கூடவே காற்றுமண்டலமும் வழிவிட வேண்டும். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதிகம் மறிக்காத இடைவெளிகளில்தான் பட்டைகளை வைக்க முடியும். அவற்றை வளிமண்டலச் சாளரம் என்பார்கள்.

பிரிதிறனில், அதாவது சென்சார் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறிகிறது என்பதில், நான்கு வகை உண்டு: இடம் (பிக்சலின் அளவு), நிறமாலை (பட்டைகளின் நுணுக்கம்), காலம் (எத்தனை நாளுக்கு ஒருமுறை), கதிர்வீச்சளவு (ஒளியின் அளவில் எவ்வளவு சிறிய வித்தியாசம்). இவற்றைத் தனித்தனி வரையறைகளாகப் படிக்காமல், ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பேரமாகப் பாருங்கள். மோடிஸ் என்ற செயற்கைக்கோள் சென்சார் 2330 கிலோமீட்டர் அகலத்துக்கு வாரிக்கொண்டு போவதால் ஓர் இடத்தை ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்துவிடும்; அதற்கு விலையாக அதன் மிக நுணுக்கமான பிக்சலே 250 மீட்டர். லேண்ட்சாட் 8 தன் 185 கிலோமீட்டர் அகலப் பாதையில் பெரும்பாலான பட்டைகளில் 30 மீட்டர் நுணுக்கத்தில் பார்க்கும், ஆனால் மறுபடி வர 16 நாள் ஆகும். மூன்று நாளில் வடிந்துவிடும் வெள்ளத்துக்கு எது உதவும் என்று கேட்டால், இந்த இரண்டையும் எழுதிவிட்டு மேகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தின்போது வானம் மூடியிருந்தால் ஒளியை நம்பும் இரண்டுமே தரையைக் காணாது. அங்கேதான் சென்டினல் 1 செயற்கைக்கோளில் இருப்பது போன்ற ரேடார் வருகிறது. தானே அலையை அனுப்பித் திரும்புவதை அளப்பதால் அதற்கு இரவும் மேகமும் தடையில்லை. அமைதியான நீர்ப்பரப்பு அந்த அலையைக் கண்ணாடிபோல் வேறு பக்கம் திருப்பிவிடுவதால் ரேடார் படத்தில் வெள்ளம் கறுப்பாகத் தெரியும்.

பயிற்சிக்குப் பணம் தேவையில்லை. லேண்ட்சாட் படங்களை இலவசமாக்க 2008-இல் முடிவெடுத்தார்கள். சென்டினல் படங்களும் இலவசம்தான். ஒரே இடத்தின் இரண்டு தேதிப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கக் குறிப்பைப் படிக்காமல் பத்து இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றும் என்ன, எந்தப் பட்டையை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். பிறகு சரிபாருங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டு அந்த நாற்பது பக்கத்தைத் திறந்தால், எந்தப் பெயர் எதற்காக அங்கே இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். சந்தேகமாக இருக்கும் படம் ஏதாவது இருந்தால், எந்தப் பட்டைகளைச் சேர்த்தது என்ற விவரத்தோடு இங்கேயே கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.