பத்தாம் வகுப்பு ஆங்கிலம்: தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான்

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டில் கணக்கில் 84, அறிவியலில் 78 வாங்கியவள் இங்கிலீஷில் மட்டும் 39. கிராமர் என்றாலே அழுகிறாள். நான் எட்டாவது வரைதான் படித்தேன், சொல்லிக்கொடுக்கத் தெரியாது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். சேர்க்கட்டுமா? ஃபெயிலாகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இப்போது வேண்டாம். அது கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. அங்கே கற்றுத்தருவது பேச்சு, பொதுத்தேர்வில் கேட்பது எழுத்து. பரீட்சை முடிந்ததும் கோடை விடுமுறை வருகிறது, அப்போது தாராளமாக அனுப்புங்கள். இப்போது இருக்கும் இரண்டு இரண்டரை மாதத்தில் போய்வருகிற நேரத்தையும் காசையும் அதில் போடுவது வீண்.

முதலில் வினாத்தாளைப் பார்த்துவிடலாம். மொத்தம் 100 மதிப்பெண், 3 மணி நேரம், தேர்ச்சிக்கு 35. முதல் 14 கேள்விகள் ஒரு மார்க். அதில் 3 ஒத்த பொருள், 3 எதிர்ப்பதம். மீதி 8 கேள்விகள் பன்மை, முன்னொட்டு பின்னொட்டு, சுருக்கத்தின் விரிவு, ஃப்ரேசல் வெர்ப் (இரண்டு மூன்று சொல் சேர்ந்து ஒரே வினையாக வருவது), கூட்டுச்சொல், பிரபொசிஷன் (‘இன்’, ‘ஆன்’ போன்ற சொற்கள்), டென்ஸ் (காலம்), லிங்கர் (இணைப்புச்சொல்) என்று வரும். இரண்டு மார்க் பகுதியில் இலக்கணக் கேள்விகள் 5 இருக்கும், 3 எழுதினால் போதும். ஐந்து மார்க் பகுதியில் பிழை திருத்தம் ஒன்று வரும். கூட்டிப் பாருங்கள்: 14, 6, 5. ஆக 25 மதிப்பெண் நேரடியாக இலக்கணத்துக்கும் சொல்வளத்துக்கும். கட்டாயக் கேள்வியாக வரும் ரோடு மேப்புக்கு இன்னும் 2. ‘நேராகப் போ, இடப்பக்கம் திரும்பு’ என்று வழி சொல்வதுதான் அது. ஏவல் வினையில் நாலு வரி எழுதத் தெரிந்தால் முழு மார்க்.

இன்னொரு விஷயம். மொழிப்பாடங்கள் ஒரே தாளாக மாறியது 2019-20 கல்வியாண்டில். பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடப்புத்தகம் வந்ததும் அப்போதுதான். அதற்கு முன் முதல் தாள், இரண்டாம் தாள் என்று இருந்த காலத்துக் கைடு எதையாவது அக்கம்பக்கத்தில் யாராவது அன்பாகக் கொடுத்தால் வாங்கி வைத்துவிடுங்கள், மகளிடம் கொடுக்காதீர்கள். அமைப்பில் இந்த வருடம் ஏதாவது மாற்றம் உண்டா என்று வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இனி கிராமர். தமிழ் வழிப் பிள்ளைகள் பலருக்கு இதில் ஒரு வேடிக்கை நடக்கிறது. தமிழ் வகுப்பில் செய்வினை, செயப்பாட்டுவினை படிக்கிறார்கள். நேர்க்கூற்று, அயற்கூற்று படிக்கிறார்கள். தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் மூன்றையும் மாற்றி எழுதி மார்க் வாங்குகிறார்கள். அடுத்த பீரியடில் இங்கிலீஷ் ஆசிரியர் ஆக்டிவ், பாசிவ் என்றதும் ஏதோ புதுக் கிரகத்துச் சங்கதி போல முழிக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலைதான் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருநாள் சேர்ந்து வகுப்பெடுத்தால் பாதிப் பயம் போய்விடும். சரி, அது நம் கையில் இல்லை. வீட்டில் செய்யலாம்.

‘மாலா கடிதம் எழுதினாள்’ என்பதைச் செயப்பாட்டுவினையாக்கச் சொல்லுங்கள். ‘கடிதம் மாலாவால் எழுதப்பட்டது’ என்று உங்கள் மகள் யோசிக்காமல் சொல்வாள். கடிதம் முன்னால் வந்தது, மாலா பின்னால் போய் ‘ஆல்’ ஒட்டிக்கொண்டாள், வினையில் ‘பட்டது’ சேர்ந்தது. ஆங்கிலத்தில் அந்த ‘ஆல்’தான் ‘பை’. ‘பட்டது’ செய்யும் வேலையை ‘வாஸ்’ செய்கிறது, அதை அடுத்து வினையின் மூன்றாம் வடிவம் வர வேண்டும்: ‘வாஸ் ரிட்டன் பை மாலா’. பிள்ளைகள் மார்க்கைக் கோட்டைவிடுவது இந்த மூன்றாம் வடிவத்தில்தான். ‘வாஸ் ரோட்’ என்று இரண்டாம் வடிவத்தை எழுதிவிட்டு வருவார்கள். ஆகவே பாசிவ் சரியாக வர வேண்டுமென்றால் விதியைவிட வினைச்சொற்களின் மூன்று வடிவங்களும் வாயில் நிற்க வேண்டும். பாடங்களில் திரும்பத் திரும்ப வரும், ஒழுங்கில்லாமல் மாறும் வினைகளை மட்டும் எடுத்தால் அறுபது எழுபதுக்குள் அடங்கிவிடும். கைடில் இருக்கும் இருநூறு வினைப் பட்டியல் தேவையில்லை.

அயற்கூற்றும் அப்படித்தான். ‘“நான் நாளை வருகிறேன்” என்று மாலா கூறினாள்’ என்பது ‘தான் மறுநாள் வருவதாக மாலா கூறினாள்’ என்று மாறுகிறது. நான் தான் ஆகிறது, நாளை மறுநாள் ஆகிறது, இங்கே அங்கே ஆகிறது, இன்று அன்று ஆகிறது. ஆங்கிலத்திலும் இதே மாற்றங்கள்தான்: ‘டுமாரோ’ போய் ‘தி நெக்ஸ்ட் டே’ வரும், ‘ஹியர்’ போய் ‘தேர்’ வரும். தமிழில் இல்லாத ஒன்று மட்டும் அங்கே கூடுதல். சொன்னது இறந்தகாலத்தில் இருந்தால் உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் போகும். ‘ஆம்’ (am) என்றிருந்தது ‘வாஸ்’ ஆகும், ‘வில்’ என்றிருந்தது ‘வுட்’ ஆகும். உங்கள் மகள் புதிதாகக் கற்க வேண்டியது இந்த ஒரு படியை மட்டும்தான். மற்றதெல்லாம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பயிற்சிக்கு வெளியே எங்கும் போக வேண்டாம். அவளுடைய ஆங்கிலப் புத்தகத்தில் ஐஎன்எஸ்வி தாரிணி பற்றிய பாடம் இருக்கிறது. 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து பாய்மரப் படகில் கிளம்பி, உலகைச் சுற்றி 2018 மே மாதம் திரும்பிய ஆறு கடற்படைப் பெண் அதிகாரிகளின் கதை. கேள்வி பதிலாக அவர்கள் பேசும் பகுதி அதில் உண்டு. ஒரு நாளைக்கு மூன்று வரி எடுத்து, ‘இன்னார் இப்படிச் சொன்னார்’ என்று அயற்கூற்றாக மாற்றி எழுதட்டும். இலக்கணமும் ஆகும், பாடமும் மனதில் ஏறும், உரைநடைக் கேள்விக்கும் கைகொடுக்கும். கைடில் ராமன் மாம்பழம் தின்றான் என்று வரும் வாக்கியங்களை ஐம்பது முறை மாற்றுவதில் இந்த லாபம் கிடையாது.

டென்ஸ் பற்றி இரண்டு வார்த்தை. பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அட்டவணையை ஒப்பிக்கிற பிள்ளை ‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். ‘டிட்’ வந்துவிட்டால் வினை மூல வடிவத்துக்குத் திரும்பிவிடும், ‘டஸ்’ வந்தாலும் அப்படியே. ‘ஹி, ஷி, இட்’ என்றால் நிகழ்கால வினையில் ஓர் ‘எஸ்’ சேரும். வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறார்கள் என்று தமிழில் ஒவ்வொன்றுக்கும் விகுதி மாற்றிப் பழகிய பிள்ளைக்கு இந்த ஓர் எழுத்து பெரிய பாரமில்லை. ஆனால் எழுதி முடித்ததும் எழுவாயைத் தொட்டு வினையைத் தொட்டுச் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். இந்தப் பழக்கம் 25 மதிப்பெண்ணோடு நிற்காது, பேராகிராஃப், கடிதம், படத்தைப் பார்த்து எழுதுவது எல்லாவற்றிலும் மார்க்கைக் காப்பாற்றும்.

பிழை திருத்தத்தில் ஐந்து வாக்கியம், ஒன்றுக்கு ஒரு மார்க். பழைய வினாத்தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே வகைப் பிழைகள்தான் சுற்றிச் சுற்றி வரும். ‘ஒன் ஆஃப் மை’ என்று தொடங்கினால் அடுத்து பன்மை வர வேண்டும், வினை ஒருமையில் நிற்க வேண்டும். ‘சீனியர்’ என்றால் ‘தேன்’ (than) வராது, ‘டு’ (to) வரும். ‘தோ’ (though) என்று தொடங்கிவிட்டு நடுவில் ‘பட்’ போடக் கூடாது. ‘மோர் பெட்டர்’ என்பது கிடையாது. ‘டிஸ்கஸ்’ என்றால் ‘அபௌட்’ வேண்டாம். ‘ஃபர்னிச்சர்’ பன்மை ஏற்காது. அப்புறம் ‘எ’, ‘அன்’ குழப்பம்: எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டால் தீர்ந்தது, ‘அன் ஹவர்’, ‘எ யுனிவர்சிட்டி’. இந்த வகைகளை ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு தப்பான வாக்கியம் உண்டாக்கி, பிறகு திருத்தட்டும். தப்பாக எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிடும், பாருங்கள்.

சொற்களுக்கு வருவோம். ஒத்த பொருளும் எதிர்ப்பதமும் பாடத்து வரியிலிருந்தே வரும், நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஆக ‘ஆயிரம் முக்கியச் சொற்கள்’ போன்ற புத்தகமோ செயலியோ வாங்க வேண்டாம். பாடத்தின் ஓரத்திலும் பின்னாலும் இருக்கும் சொற்களே போதும். பட்டியலை வரிசையாக ஒப்பிப்பதுதான் பல பிள்ளைகள் செய்யும் வேலை. முந்தைய சொல்லைச் சொன்னால்தான் அடுத்தது நினைவுக்கு வரும், நடுவிலிருந்து கேட்டால் நின்றுவிடுவார்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். பழைய நோட்டின் தாளைச் சீட்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சொல்லும் அது வந்த பாடத்து வரியும். மறுபக்கம் தமிழ்ப் பொருள், ஓர் ஒத்த சொல், ஓர் எதிர்ச்சொல். வரியோடு சேர்த்து எழுதுவது கட்டாயம், ஏனென்றால் தேர்வில் சொல் தனியாக வராது. விடை தெரியாதபோது நாலு விடைகளையும் ஒவ்வொன்றாக அந்த வரிக்குள் வைத்து வாசித்தால் பொருந்தாத இரண்டு தானாகக் கழன்றுவிடும். எழுத்துக்கூட்டலுக்கு வாயால் சொல்லிப் பார்ப்பது போதாது, மூடிவைத்துவிட்டு எழுதிப் பார்க்க வேண்டும்.

உங்கள் பங்கு இங்கேதான் வருகிறது. இங்கிலீஷ் தெரியாது என்று ஒதுங்காதீர்கள். சீட்டுக் கட்டைக் கலைத்துப் போட்டு, தமிழ்ப் பொருளை நீங்கள் வாசியுங்கள், அவள் ஆங்கிலச் சொல்லை எழுதட்டும். சீட்டைத் திருப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க உங்களால் முடியும். அதேபோல, ‘இந்த வரியைச் செயப்பாட்டுவினையாக மாற்று’ என்று தமிழில் கேட்டு, பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம். சமைத்துக்கொண்டே செய்கிற வேலைதான். அவள் உங்களுக்கு விளக்கிச் சொன்னால் இன்னும் நல்லது.

நேரம்? தினமும் முக்கால் மணி நேரம் போதும், காலையோ மாலையோ அவள் விருப்பம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய வினாத்தாளின் இலக்கணப் பகுதியை மட்டும் கடிகாரம் வைத்து எழுதட்டும். திருப்புதல் தேர்வுத் தாள்கள் கைக்கு வந்ததும் மார்க்கைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். எந்த வகையில் தவறியது என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். மூன்றாவது தாள் வரும்போது அவளுடைய பலவீனம் இரண்டு மூன்று இடங்களில்தான் என்பது அவளுக்கே தெரிந்துவிடும். டியூஷன் ஆசிரியர் யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல மாட்டார்.

கணக்கில் 84 வாங்குகிறாளே, இங்கிலீஷ் பாஸானால் போதாதா என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். பொறியியல் கலந்தாய்வின் கட் ஆஃப் மதிப்பெண்ணில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டுமே சேரும் என்பது உண்மைதான். அதனாலேயே ஆங்கிலத்தைக் கைகழுவும் வீடுகள் நிறைய. ஆனால் கல்லூரியில் பெரும்பாலான புத்தகங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பட்டம் வாங்கிய பிறகு வங்கித் தேர்வோ மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வோ எழுதப் போனால் ஆங்கிலம் தனிப்பகுதியாக வரும். அங்கே கேட்பது என்ன? பிழை திருத்தம், கோடிட்ட இடம், ஒத்த பொருள், எதிர்ப்பதம். சொற்கள் கடினமாக இருக்கும், கேள்வியின் வகை இதேதான்.

ஃபெயில் பயத்துக்கு வருகிறேன். 39 வாங்கியவள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறாள். இந்த 25 மதிப்பெண்ணில் இப்போது எவ்வளவு வாங்குகிறாள் என்று அரையாண்டுத் தாளை எடுத்து இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். பத்துக்குள் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். அதைப் பதினெட்டு இருபதுக்குக் கொண்டுபோவது இரண்டு மாதத்தில் ஆகக்கூடிய காரியம். மனப்பாடச் செய்யுளை அடிபிறழாமல் எழுதினால் ஐந்து மார்க், அதையும் விடவேண்டாம். ஒருவேளை ஏதாவது பாடத்தில் தவறினாலும் பொதுத்தேர்வு முடிவு வந்த சில வாரங்களில் துணைத்தேர்வு நடக்கிறது, தேறினால் அதே வருடம் பதினொன்றாம் வகுப்பிலோ பாலிடெக்னிக்கிலோ சேரலாம். இதை உங்கள் மனநிம்மதிக்காகச் சொல்கிறேன், பரீட்சை முடியும்வரை அவளிடம் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.