பேச்சு-மொழிப் படிப்புக்கு எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள ஐயா,

நான் காட்பாடியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள். என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனபோது, வேலூர் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் அவரோடு பொறுமையாக வேலை செய்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து இந்தத் துறையின் மீது ஆசை. கணவர் டாலஸில் இருக்கிறார், அடுத்த ஆண்டு நானும் செல்வேன். அங்கே முதுகலையில் சேர்வதற்கு முன் முடிக்க வேண்டிய முன்தகுதிப் பாடங்களைக் குடியாத்தத்திலிருந்தே இணையவழியில் படிக்க நினைத்து, இப்போதே உடற்கூறியல் நூல் ஒன்றை மனப்பாடம் செய்து வருகிறேன். இது சரியான தொடக்கமா? இங்குள்ள மருத்துவமனையில் பார்வையாளராக அமரும் நேரம் அங்கே கணக்கில் வருமா? “உனக்கே ஆங்கில உச்சரிப்பு சுமார்தான், நீ யாருக்குப் பேச்சு சொல்லித்தருவாய்?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.

எஸ்., குடியாத்தம்

அன்புள்ள எஸ்.,

உடற்கூறியல் நூலைச் சில வாரங்களுக்கு மூடி வையுங்கள். ஒலியியல், பேச்சு மற்றும் செவி உறுப்புகளின் உடற்கூறியல், மொழி வளர்ச்சி, பேச்சு அறிவியல், செவியியல் அறிமுகம், நரம்பியல் அடிப்படை என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்கும் பாடங்களில், எல்லோரும் அஞ்சுவது உடற்கூறியலுக்கு. ஆனால் நான் பார்த்தவரை மாணவர்கள் உண்மையில் தடுமாறுவது ஒலியியலில், குறிப்பாகக் கேட்ட பேச்சைப் பன்னாட்டு ஒலியெழுத்துகளில், அதாவது ஒவ்வொரு ஒலிக்கும் தனிக்குறி தரும் ஐ.பி.ஏ. முறையில், எழுதும் பயிற்சியில்தான். உடற்கூறியலை உட்கார்ந்து படித்து முடித்துவிடலாம். காதைப் பழக்குவதற்குத்தான் மாதங்கள் பிடிக்கும்.

பள்ளியில் எழுத்துகளின் பிறப்பு என்ற பாடத்தைப் படித்திருப்பீர்கள். இரு இதழ்களும் பொருந்தினால் பகரமும் மகரமும், மேற்பல்லைக் கீழுதடு தொட்டால் வகரம் என்று அங்கே ஒப்பித்ததுதான் ஒலியியலின் முதல் அத்தியாயம். ஆகவே நீங்கள் முற்றிலும் புதியவர் அல்லர். சிக்கல், எழுத்தை நம்பிப் பழகிய நம் காதில் இருக்கிறது. ‘பல்’ என்பதிலும் ‘பஸ்’ என்பதிலும் நாம் எழுதுவது ஒரே பகரம், ஆனால் முதலாவதில் குரல்நாண்கள் அதிர்வதில்லை, இரண்டாவதில் அதிர்கின்றன. ‘பகல்’, ‘பக்கம்’, ‘பங்கு’ ஆகிய மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. பாடம் தொடங்கும் முன்பே நாள்தோறும் ஐந்து நிமிடம் உங்கள் வீட்டுப் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஒலியெழுத்துகளில் எழுதிப் பாருங்கள். அம்மா ‘வந்துக்கினு இருக்கேன்’ என்று சொன்னால் ‘வந்துக்கினு’ என்றுதான் எழுத வேண்டும். கை தானாக ‘வந்துகொண்டு’ என்று திருத்தினால், காது இன்னும் வேலைக்கு வரவில்லை என்று பொருள்.

இந்தப் பழக்கம் தேர்வுக்கு மட்டுமானதன்று. நம் வட ஆற்காட்டு வீடுகள் பலவற்றில் பழம் ‘பயம்’ ஆகத்தான் ஒலிக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் வளரும் குழந்தை ‘வாயப்பயம்’ என்று சொன்னால் அது கோளாறு அன்று, தாயிடம் கேட்டுக் கற்ற பேச்சு. அதே குழந்தை ககரத்தை எல்லா இடத்திலும் தகரமாகச் சொல்லி, வயது ஏறியும் அது மாறாவிட்டால் கவனிக்க வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் வீடுகள், ஆந்திர எல்லையோரம் தெலுங்கு பேசும் வீடுகள் என்று இரண்டு மூன்று மொழிகளுக்கிடையே குழந்தைகள் வளர்வதைப் பார்த்தவர் நீங்கள். வேறுபாடு எது, குறைபாடு எது என்று பிரித்தறிவது அமெரிக்கப் பாடத்திட்டத்திலும் முக்கியமான பகுதி. டாலஸில் ஸ்பானிய மொழி பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் இதே கேள்வி உங்கள் முன் வந்து நிற்கும்.

ஒலியை எழுதப் பழகிய பின் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு, ‘பிராட்’ என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். ‘படம்’, ‘பாடம்’ என்று பதிவு செய்தால் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள கால அளவு திரையில் தெரியும். பேச்சு அறிவியல் பாடத்தில் பாதி அச்சம் இதிலேயே போய்விடும்.

பிறகு உடற்கூறியலுக்கு வாருங்கள். ஆனால் பெயர்ப் பட்டியலாக வேண்டாம், செயலின் வழியாகப் படியுங்கள். பன்னிரண்டு இணை மண்டை நரம்புகளில் பேச்சின் அசைவுகளுக்கு முதன்மையானவை ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது, பத்தாவது, பன்னிரண்டாவது ஆகியவை. பத்தாம் நரம்பிலிருந்து குரல்வளைக்குச் செல்லும் இடப்பக்கக் கிளை, நேரே மேலே போகாமல் மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. அதனால்தான் மார்புக்குள் வளரும் கட்டி ஒன்று, தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லாதவரின் குரலைக் கரகரக்கச் செய்ய முடிகிறது. இப்படிக் காரணத்தோடு படித்த நரம்பு மறக்காது.

இனி நடைமுறை. பேச்சு, மொழி, செவித் துறையினரின் அமெரிக்கச் சங்கமான ஆஷாவின் தொழில் சான்றிதழுக்கு உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அல்லது நடத்தை அறிவியல் ஆகியவற்றில் கல்லூரி அளவிலான பாடங்கள் தேவை. பிளஸ் டூ மதிப்பெண்கள் உதவா. இலக்கியம் படித்த உங்களுக்கு இவற்றில் பெரும்பாலானவை இருக்காது என்பதால் கட்டணத்தைக் கணக்கிடும்போது இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மூன்றாண்டுப் பட்டத்தை எல்லா மதிப்பீட்டு நிறுவனங்களும் ஒரே விதமாக எடைபோடுவதில்லை. நீங்கள் விரும்பும் பல்கலைக்கழகம் எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்கிறது என்று முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள். சான்றிதழுக்கான 400 மணி நேர நடைமுறைப் பயிற்சியில் 25 மணி வழிகாட்டப்பட்ட பார்வையிடல். அது ஆஷா சான்றிதழ் பெற்றவரின் வழிகாட்டலில் நடக்க வேண்டும் என்பதால் இங்கே அமரும் நேரம் பொதுவாகக் கணக்கில் வராது. ஆனாலும் அனுமதி கிடைத்தால் சென்று அமருங்கள், கற்பதற்கு அது நல்ல இடம்.

இணையவழிப் பாடங்களில் கிழக்கு அமெரிக்க நேரப்படி இரவு 11.59 என்ற கெடு நமக்கு மறுநாள் காலை 9.29, நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பியதும் அது 10.29 ஆகிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படுவதும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான், ஆகவே கெடு நாள் வரை எதையும் தள்ளிவைக்காதீர்கள். முதல் பருவத்தில் ஒலியியலும் புள்ளியியலும் போதும்.

உறவினர்களின் கேள்விக்கு விடை எளிது. தமிழ்ச் சாயலோடு ஆங்கிலம் பேசுவது இந்தத் தொழிலுக்குத் தடையன்று. நோயாளி செய்ய வேண்டிய ஒலியை நீங்கள் தெளிவாகச் செய்து காட்டவும், அவர் செய்ததில் பிழை எங்கே என்று கேட்டறியவும் முடிய வேண்டும், அவ்வளவே.

ஒன்றை மட்டும் தீர்மானித்துக்கொண்டு பணம் கட்டுங்கள். என்றாவது வேலூருக்குத் திரும்பி இங்கே பணிசெய்யும் எண்ணம் இருந்தால், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். அமெரிக்க முன்தகுதிப் பாடங்களை மட்டும் முடித்து அதைப் பெற முடியாது. இங்கே அதற்கான வழி, ஓராண்டு உள்ளகப் பயிற்சியையும் சேர்த்து நான்காண்டுகள் கல்லூரிக்கு நேரில் சென்று படிக்கும் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற செவியியல், பேச்சு-மொழி இளங்கலைப் பட்டம். கணவரோடு பேசி இதில் ஒரு முடிவுக்கு வந்த பின் எனக்கு மறுபடி எழுதுங்கள். பல்கலைக்கழகத் தேர்வைப் பற்றி அப்போது பேசலாம்.